எட்டரை அங்குலம்

வெயில்ல நிக்காதீங்க பாய், இப்படி வந்து உக்காருங்க. இந்த பெஞ்சு ஆடும், ஆனா விழாது. நடுவுல உக்காந்துக்குங்க. உங்கள எனக்குத் தெரியுது, உங்களுக்குத்தான் என்னத் தெரியல. பஸ் ஸ்டாண்டு உள்ள செருப்புக்கடை வச்சிருந்தீங்க இல்ல, மஜீத் பாய். நான் கலிவரதன். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை. நீங்க கடைய எடுத்துகினு திண்டிவனம் போயிட்டதா சொன்னாங்க. இன்னைக்கு கோர்ட்டுக்கு வரச்சொல்லி உங்களுக்கும் சம்மன் போயிருக்கும்னு எனக்குத் தெரியும். போலீஸ் எழுதின மகஜர்ல மொத சாட்சி நானு, ரெண்டாவது சாட்சி நீங்க.

காலையில ஏதாவது சாப்டீங்களா, இல்லியா?

என்ன கேஸுன்னே தெரியாதா. அது சரி. கான்ஸ்டபிள் பேப்பர கொண்டாந்து மேசை மேல வச்சிருப்பாரு. நீங்க யாருக்கோ எட்டாம் நம்பரு செருப்பு எடுத்துக் காட்டிகினே கையெழுத்து போட்டிருப்பீங்க. தப்பு இல்ல பாய், எல்லாரும் அப்படித்தான். நான் மட்டும்தான் படிச்சிப் பாத்துப் போடுவேன். ஏன்னா அதுல பாதி நான் டைப் அடிச்சது.

உள்ள போயி என்ன சொல்லணும்னுதான கேக்கறீங்க. வரேன், அதுக்கும் வரேன். நம்ம கேஸு எப்படியும் பதினோரு மணிக்கு மேலதான். மொதல்ல நடந்தத தெரிஞ்சிக்குங்க. தெரிஞ்சிகினா பயம் போயிடும்.

நாலு வருசம் ஆச்சி. பொங்கல் முடிஞ்ச வாரம். நம்ம ஊரு கூட்ரோட்டுல ஒரு சிலை தெறப்பு இருந்தது, ஞாபகம் இருக்கா? அதுக்கு முந்தின மாசம்தான் ரெண்டு ஊருக்காரனுங்க அடிச்சிகினு, ஒருத்தனுக்கு தோள்பட்டையில வெட்டு. அதனால மேலேருந்து ஆர்டரு. பொது எடத்துல கத்தி, அருவா வச்சிகினு எவன் சுத்தினாலும் கேஸு போடு, உள்ள தள்ளு. பக்கத்து ஸ்டேஷன்ல காலையிலயே மூணு பேரப் புடிச்சிட்டாங்க. நம்ம ஸ்டேஷன்ல மத்தியானம் வரைக்கும் ஒரு பேனாக்கத்திகூட மாட்டல. எஸ்.ஐ. மதியரசன் சாருக்கு போன் மேல போன். அவரு வெளிய வந்து நிக்கறாரு, உள்ள போறாரு. நான் கடையிலேருந்து பாத்துகினு இருக்கேன். எனக்கே பாவமா இருந்தது.

அந்த நேரத்துலதான் அய்யாக்கண்ணு பஸ்ஸ விட்டு எறங்கறான்.

கல்வராயன் மலை அடிவாரத்துல எங்கியோ ஒரு ஊரு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கரும்பு வெட்டறவங்க. பொண்டாட்டி பேரு பச்சையம்மா. கரும்பு வெட்டுல ஜோடிதான் கணக்கு பாய், ஒத்த ஆள சேத்துக்க மாட்டாங்க. அவங்க கூட்டமெல்லாம் ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஆலை டிராக்டர்ல போயிட்டாங்க. இந்தம்மாவுக்கு காய்ச்சல்னு இவங்க ரெண்டு பேரு மட்டும் பின்தங்கி, பஸ் புடிச்சி வந்திருக்காங்க. மாத்திரை வாங்கறேன்னு அவ மருந்துக்கடைக்குப் போயிட்டா. இவன் மூட்டைய கால் நடுவுல வச்சிகினு நிக்கறான். மூட்டையில துணி, ஒரு அலுமினிய சட்டி, ரெண்டு கரும்புக்கத்தி. ஒண்ணு அவனுது, ஒண்ணு அவளுது. சாக்கு சின்னது. புடி ரெண்டும் வெளிய நீட்டிகினு இருக்குது.

கான்ஸ்டபிளு பாத்துட்டாரு. அவரு பாக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு கேட்டா, அதுக்கு நான் என்ன சொல்றது.

கொஞ்ச நேரத்துல எஸ்.ஐ. சாரு வாசல்ல வந்து நின்னு கையத் தட்டினாரு. "கலி, ஸ்கேல் இருந்தா எடுத்துகினு வாய்யா." அவரு என்ன கலின்னுதான் கூப்பிடுவாரு. என் வீட்டுல என்ன யாரும் பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல. "கடை சாவி எங்க", "பால் வாங்கியாச்சா", அவ்ளோதான். அவரு ரோட்டுக்கு அந்தாண்டேருந்து கலின்னு கூப்பிட்டா பஸ்ஸுல போறவன்கூட திரும்பிப் பாப்பான். நான் ஸ்டீல் ஸ்கேல எடுத்துகினு ஓடினேன்.

இதுல சட்டம் ஒண்ணு இருக்குது பாய். பல பேருக்குத் தெரியாது. எல்லாக் கத்திக்கும் கேஸு கெடையாது. இரும்பு ஒன்பது அங்குலத்துக்கு மேல நீளம் இருக்கணும், இல்லன்னா ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலம் இருக்கணும். அப்படி இருந்தாலும் வீட்டு வேலைக்கு, வயல் வேலைக்குன்னா அது வேற. வேலைக்கான கத்திய வேலைக்கு எடுத்துகினு போறவன் மேல போட முடியாது. இதெல்லாம் நான் ஸ்டேஷன் பேப்பரு டைப் அடிச்சி அடிச்சிக் கத்துகினது.

மேசை மேல ரெண்டு கத்தியும் கெடக்குது. சாரு அளந்தாரு. ஒண்ணு எட்டரை. இன்னொண்ணு, அந்தம்மாவுது, எட்டேகூட இல்ல. அகலம் ஒன்னே முக்கால். ஸ்டேஷன்ல கேஸு எழுதற ரைட்டரு தலையச் சொறிஞ்சாரு. "சார், அளவு பத்தல. அதோட கரும்பு வெட்டற கத்தின்னு பாத்தாலே தெரியுது. நாளைக்கு வக்கீல் புடிச்சிக்குவான்."

அய்யாக்கண்ணு சுவரோரமா குத்துக்கால் வச்சி உக்காந்திருந்தான். "ஐயா, ஆலைக்குப் போறேங்கய்யா. மேஸ்திரி நம்பரு என்கிட்ட இருக்குதுங்க. ஒரு போன் போட்டுப் பாருங்கய்யா. வெட்டுச் சீட்டு அவ கையில இருக்குது, மருந்துக்கடையில நிக்கறாங்கய்யா." இதையே திருப்பித் திருப்பி சொல்லிகினு இருந்தான். குரல ஒசத்தல. ஆளு தங்கமான ஆளுதான், நான் இல்லன்னு சொல்லல.

சாரு ஸ்கேல மேசை மேல போட்டாரு. "சரி விடுய்யா, பேரு எழுதிகினு அனுப்பு" அப்படின்னாரு. மொகம் செத்துப்போச்சி. மத்தவனெல்லாம் மூணு மூணு காட்டுவான், இவரு மட்டும் வெறுங்கையோட போயி நிக்கணும். நான் பக்கத்துலயே நின்னுகினு இருக்கேன். கத்தியப் பாக்கறேன். புடி பழைய புடி, ஓரமா பொளந்திருக்குது. உள்ள போற இரும்பு வெளிய தெரியுது.

நான் சொன்னேன்: "சார், இரும்பு புடிக்குள்ளயும்தான போவுது. அங்கேருந்து அளந்தா?"

சாரு என்னப் பாத்தாரு. ரைட்டரப் பாத்தாரு. ஸ்கேல எடுத்து புடியோட அடியிலேருந்து வச்சாரு. பதிமூணு. சின்னது பன்னெண்டு.

சிரிச்சிட்டாரு பாய். "யோவ் கலி, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்யா." அவரு எதிர்ல இருந்த நாற்காலிய காலால தள்ளி விட்டாரு. "உக்காரு." அது வரைக்கும் அந்த ஸ்டேஷன்ல நான் நின்னுகினுதான் இருந்திருக்கேன். எட்டு வருசம். அன்னைக்கு உக்காந்தேன். டீ வந்தது. கண்ணாடி கிளாஸ்ல, அவருக்கு வந்த அதே டீ.

அப்பறம் வயல் வேலைன்னு ஒரு சிக்கல் இருக்குது இல்ல. அதுக்கும் நான்தான் வழி சொன்னேன். ஸ்டேஷன் கம்ப்யூட்டரு அன்னைக்கு வேலை செய்யல, என் கடையிலதான் டைப்பிங்கு. ரைட்டரு சொல்லச் சொல்ல அடிக்கறேன். அவரு "கத்தியுடன் நின்றிருந்தார்"னு சொன்னாரு. நின்னா என்ன சார் குத்தம், பஸ்ஸுக்குத்தான நிக்கறான்னேன். "பொதுமக்களை அச்சுறுத்தும் வகையில் சுழற்றிக்கொண்டிருந்தார்"னு நானே போட்டேன். அந்த 'சுழற்றி'ங்கற வார்த்தை என்னுது. கத்தி ரெண்டு இருக்குதே, எப்படி எழுதறதுன்னு ரைட்டரு யோசிச்சாரு. "இரண்டு கைகளிலும் ஒவ்வொன்றாக"ன்னு அடிச்சேன். அவரு படிச்சிப் பாத்துட்டு, அழகா இருக்குதுய்யான்னாரு.

எடுத்தும்போயி அவனுக்குப் படிச்சிக் காட்டினாங்க. அவன் எஸ்.ஐ.யப் பாக்கல. என்னப் பாத்தான். "அண்ணே, மூட்டையக்கூட நான் பிரிக்கலண்ணே. ரெண்டு கத்திய எப்படிண்ணே சுத்துவேன்?"

கோர்ட்டுல சொல்லிக்கப்பான்னேன். வேற என்ன சொல்றது. அந்த எடத்துல நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

அதுக்கப்பறம்தான் உங்க கடைக்கு வந்து உங்க கையெழுத்த வாங்கினது. ரெண்டு சாட்சி வேணும் இல்ல.

அந்தம்மா மாத்திரைய வாங்கிகினு வந்து பாத்தா ஆளு இல்ல. பஸ் ஸ்டாண்டு பூரா தேடியிருக்கா. சாயங்காலமா யாரோ சொல்லி ஸ்டேஷனுக்கு வந்தா. உள்ள போவ பயம். எதிர்ல நம்ம கடைதான் தொறந்திருக்குது. நேரா வந்தா. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது, காய்ச்சல்ல. மடியிலேருந்து ஒரு சீட்ட எடுத்து நீட்டினா. ஆலை குடுத்த வெட்டு உத்தரவு. எந்த ஊரு, எந்த வயலு, எந்தத் தேதி, ஆளு பேரு, எல்லாம் இருக்குது. "அண்ணா, இதக் காட்டினா உட்டுடுவாங்களா?"

படிச்சிப் பாத்தேன். காட்டினா விட்டுத்தான் ஆவணும். அது எனக்குத் தெரியும்.

என்கிட்ட குடும்மா, நான் குடுத்துடறேன்னேன். ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணான்னா. எடுத்தேன். எடுத்ததையும் சேத்து உள்ள கொண்டும்போயி ரைட்டருகிட்ட குடுத்துட்டேன். ரெண்டையும் குடுத்துட்டேன் பாய், ஒண்ணக்கூட நான் வச்சிக்கல. அவங்க அத என்ன பண்ணாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் கேக்கல. கேக்கறது மரியாதை இல்ல.

அவ என் காலத் தொட வந்தா. வேணாம்மான்னேன். அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் அவளுக்கு நான்தான் அண்ணன்.

ரிமாண்டு பண்ணி கொண்டும்போயிட்டாங்க. அந்தம்மா ரெண்டு நாளு என் கடை படியிலயே உக்காந்திருந்தா. அந்த வழியா ஜீப்பு திரும்பி வந்தா அவனும் வருவான்னு நெனச்சிகினு. கடைக்கு வர்றவங்க தாண்டித் தாண்டி வர வேண்டியிருக்குது. ஒரு சொல் நான் கடுமையா சொல்லல. மூணாவது நாளு காலையில படிய தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். கடை படியக் கழுவறது வழக்கம்தான். மத்தியானமும் கழுவினேன். ஈரமா இருக்குதுன்னு அவளே எழுந்து போயிட்டா.

அம்பத்திரெண்டு நாளு உள்ள இருந்தான். ஜாமீனுக்கு ஆளு கெடைக்கல. மலையடிவாரத்துலேருந்து எவன் வருவான். வெளிய வந்தப்ப வெட்டு பாதி முடிஞ்சிபோச்சி. அப்பறம் வாய்தா, வாய்தா, வாய்தா. ரெண்டு பஸ் மாறி வருவாங்க. தோ, அந்த சுவரோரமாத்தான் குத்துக்கால் வச்சி உக்காந்திருப்பான். காக்கிச் சட்டை எதுவா இருந்தாலும் எழுந்து நின்னுடுவான். ஒரு தடவ போஸ்ட்மேனுக்கு எழுந்து நின்னான். நாங்கெல்லாம் சிரிச்சோம், அவனும் சிரிச்சான். ஒரே ஒரு வாய்தாவுக்கு வரல, எங்கியோ தூரத்துல வெட்டுல மாட்டிகினானாம். வாரண்டு. திரும்பி ஒன்பது நாளு உள்ள.

அதுக்கப்பறம் அவனுக்கு ஒரு பயம் புடிச்சிகிச்சாம். இது நானா சொல்லல, போன வாரம் அந்தம்மா சொன்னது. கரும்பு வெட்டத்தான் போவான், வேற என்ன வேலை தெரியும் அவனுக்கு. ஆனா கத்திய ரோட்டுல எடுத்துகினு நடக்க மாட்டானாம். சாக்குல சுத்தினாலும் மாட்டான். துணிக்குள்ள வச்சி அவ எடுத்துகினு வரேன்னாலும் மாட்டான். "ஒன்னப் புடிச்சிட்டாங்கன்னா நான் என்னா பண்ணுவேன்"னு சொல்லுவானாம். பொழுது சாயறப்ப வெட்டு முடிஞ்சா, கத்திய வயல்லயே சோகைக்கு அடியில சொருகிட்டு வெறுங்கையோட கொட்டாய்க்கு வருவான். சோகைன்னா கரும்புத் தழை, வெட்டிப் போட்டது, காஞ்சி குமிஞ்சி கெடக்கும். மறுநாளு விடிஞ்சதும் போயி கையவிட்டுத் தேடி எடுப்பான். மத்தவனெல்லாம் தோள்ல கத்தியப் போட்டுகினு கொட்டாய்க்கு வருவானுங்க. அவனக் கேலி பண்ணுவானுங்களாம்.

போன மாசம் ஒரு நாளு காலையில அந்த மாதிரி கைய விட்டிருக்கான். கண்ணாடி விரியன்.

விரல்ல கடிச்சிருக்குது. ஆலை டிராக்டரு அன்னைக்குப் பாத்து வரல. நாலு பேரு தூக்கிகினு ரோட்டுக்கு வந்து நின்னிருக்காங்க. பெரியாஸ்பத்திரி போயி சேந்தப்ப உயிரு இல்ல. வழியெல்லாம் அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுகினு வந்தானாம். "கத்திய எங்க வச்ச? யாரும் பாக்கலியே?"

இது எனக்கு எப்படித் தெரியும்னா, எறப்புச் சான்றிதழ ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வந்தா. வேற கடை ரெண்டு இருக்குது. அவளுக்கு என்கிட்டதான் வரணும்னு இருக்குது. காசு வாங்கல நான். எட்டு காப்பி எடுத்துக் குடுத்தேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன் பாய், தப்பா எடுத்துக்காதீங்க. அது அவன் அலட்சியம். பாம்பு இருக்கற எடத்துல கைய விடலாமா? கத்திய ஒழுங்கா கையோட எடுத்துகினு வந்திருந்தா ஆளு இன்னைக்கு உயிரோட இருப்பான். நான் அவகிட்டயும் இத சொன்னேன். அவ தலைய ஆட்டினா.

என்ன அப்படிப் பாக்கறீங்க.

அவளுக்குத் தெரியாது பாய். அளந்தது, டைப் அடிச்சது எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரியும், அவன் அவகிட்ட சொல்லல போலருக்குது. ஏன் சொல்லலன்னு எனக்குப் புரியல. ஒருவேள, அவளுக்கு ஊருல நம்பறதுக்கு ஒருத்தராவது இருக்கட்டும்னு விட்டானோ என்னமோ. இல்ல, மறந்திருப்பான்.

அதான், இதத்தான் நான் சொல்ல வந்தேன். நீங்க பயப்படவே வேணாம். உள்ள போயி நீங்க பொய்யும் சொல்ல வேணாம், நெசமும் சொல்ல வேணாம். ஆளே இல்ல. சம்மன் முன்னாடியே போட்டது, அதான் நமக்கு வந்துடுச்சி. சான்றிதழக் காட்டினா கேஸு அதோட முடிஞ்சிது. மொதல்லயே சொல்லியிருக்கலாம்தான். ஆனா முழுசா தெரிஞ்சாத்தான உங்களுக்கும் மனசு லேசாவும்.

தோ பாருங்க, அந்த சுவரோரமா உக்காந்திருக்கா. மஞ்சப்பை. அவதான். அவன் உக்கார்ற அதே எடத்துல உக்காந்திருக்கா. நம்மளத்தான் பாக்கறா. தலைய ஆட்டுங்க, பரவால்ல.

பையில ஒரு பெட்டிஷன் இருக்குது. நான் அடிச்சிக் குடுத்தது. கேஸுல புடிச்சி வச்ச கத்தி அவளுக்கு வேணுமாம். "அண்ணா, கேஸுதான் போவுது இல்ல. அந்தச் சின்னக் கத்தி என்னுதுண்ணா. என் கைக்குப் பழகினது. இரவல் கத்தியில வெட்டி வெட்டி மணிக்கட்டு வீங்கிப் போவுது. அது என்னுதுன்னு எழுதி வாங்கிக் குடுங்கண்ணா." நான் யோசிச்சேன். சின்னது அவளுதுன்னு எழுதினா, மகஜர் என்ன ஆவுது? ரெண்டும் அவன் கையில இருந்துச்சின்னு நானும் நீங்களும் கையெழுத்து போட்டிருக்கோம். ஜட்ஜம்மா படிச்சிட்டு, அப்ப அந்த சாட்சிங்கள கூப்பிடுன்னு சொன்னா? அதனால ரெண்டும் "இறந்துபோன என் கணவர் பயன்படுத்திய ஆயுதங்கள்"னு போட்டுட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரேகை வச்சா.

ஆயுதம்னு எழுதினா திருப்பிக் குடுப்பாங்களான்னு கேக்கறீங்க. கஷ்டம்தான். ஒடைச்சிப் போடச் சொன்னாலும் சொல்லிடுவாங்க. நல்ல ஜட்ஜம்மாதான், மனசு எறங்கி குடுத்தாலும் குடுப்பாங்க. குடுத்தா அவ எப்படி வீட்டுக்கு எடுத்துகினு போவப் போறான்னுதான் எனக்குத் தெரியல. ஊருக்குப் போவணும்னா நம்ம பஸ் ஸ்டாண்டுல எறங்கி மாறித்தான் ஆவணும், வேற வழி கெடையாது. நாளான்னிக்கு மாநாடு, கூட்ரோடெல்லாம் கொடி கட்டியாச்சி, பாத்திருப்பீங்க. எஸ்.ஐ. வேற ஆளு இப்ப. புது ஆளு. ஆனா நேத்து அவரும் வாசல்ல வந்து நின்னு, கலி, ஸ்கேல் வச்சிருக்கியான்னு கேட்டாரு.

கூப்பிட்டா போவணும் பாய். எதிர்லயே கடைய வச்சிகினு மாட்டேன்னு சொல்ல முடியுமா.

தண்ணி குடிக்கறீங்களா? இந்தாங்க. குடிச்சிட்டு எழுந்திருங்க, வாசல்ல கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. நம்ம பேரு இப்ப வராது. மொதல்ல அய்யாக்கண்ணு, அய்யாக்கண்ணு, அய்யாக்கண்ணுன்னு மூணு தடவ கூப்பிடுவாங்க. அது ஒரு முறை, ஆளு இருந்தாலும் இல்லன்னாலும் கூப்பிட்டுத்தான் ஆவணும். அந்தம்மா எழுந்து நிப்பா. அது முடிஞ்சதும் நாம போயிடலாம்.